அமாவாசையன்று மஞ்சளாகாத தண்ணீர்

1. என் நிலை

இந்தக் குறிப்பில் வரும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வேதியியல் பட்டதாரி. ஆரணியின் பட்டுச் சாயப் பட்டறைகளில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு நுழைந்தவர்களை அந்நாளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தொன்பது ஆண்டுகள் கலர் மாஸ்டராகப் பணிபுரிந்தேன். நான் கலந்த அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்துப் பச்சையும் எத்தனையோ முகூர்த்தங்களைக் கண்டவை. சாயம் போய்விட்டது என்று ஒரு புடவைகூடக் கடையிலிருந்து திரும்பி வந்ததில்லை. மற்ற பட்டறைகளில் இருந்தவர்களை 'மாஸ்டர்' என்று அழைத்தார்கள். என்னை 'சார்' என்று அழைத்தார்கள். அந்த வேறுபாட்டை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கவனித்து வந்தேன்.

பட்டறையின் ஒழுங்கு ஒன்றையும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். தொட்டியில் எதை, எவ்வளவு, எப்போது போடுவது என்பதை மாஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீழே சுருக்கொப்பம் இடுவார். தொட்டியருகே நிற்கும் தொழிலாளி அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் போடுவார். சீட்டில்லாமல் ஒரு பிடி உப்பைக்கூட எவரும் தொட்டியில் போடமாட்டார். வேலை முடிந்ததும் சீட்டு அவருடைய சட்டைப் பைக்குள் போகும். பின்னால் நிறம் தப்பினால் பிழை யாருடையது என்பதற்கு அதுவே சாட்சி. சீட்டில் உள்ளபடி போட்டிருந்தால் பிழை மாஸ்டருடையது. மாற்றிப் போட்டிருந்தால் தொழிலாளியுடையது. இதில் வாதத்துக்கே இடமில்லை.

என்னிடம் தொட்டி வேலை பார்த்தவர் ஏகாம்பரம். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்கள் நன்றாக வரும். என் சீட்டை ஒருமுறைகூட அவர் மாற்றிப் போட்டதில்லை.

2. காசு கொடுத்துக் குளிப்பவர்கள்

எங்கள் பட்டறையின் முதலாளி தணிகாசலம், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மே மாதம் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் அங்கே ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் சந்தவாசல் போகும் சாலையில் தமக்கிருந்த நிலத்தில் அப்படியொன்றைக் கட்டத் தொடங்கினார். பெரிய குளம் ஒன்று, குழந்தைகளுக்கு முழங்காலளவுக் குளம் ஒன்று, சறுக்குக் குழாய்கள் இரண்டு, பாட்டுப் போட்டு மேலிருந்து தண்ணீரைத் தூவும் 'ரெயின் டான்ஸ்' மேடை ஒன்று. அவ்வளவுதான்.

"ஏரி கீது, கெணறு கீது, பம்பு செட்டு கீது. காசு குடுத்து குளிக்க எவன் வருவான்?" என்று ஊரில் கேட்டார்கள். கேட்டவர்களே முதல் மாதத்தில் குடும்பத்தோடு வந்தார்கள்.

தணிகாசலம் என்னை அழைத்துச் சொன்னார்: "சார், பம்ப் ரூமு, பில்டரு, குளோரினு எல்லாம் கெமிஸ்ட்ரிதான். வெளியாள வெச்சிகினு நான் பேஜார் படறதுக்கு நீங்களே பாத்துக்கோங்க. சம்மர் மூணு மாசம் அங்க. மிச்ச நாளு பட்டறை."

நான் ஒரு நிபந்தனை விதித்தேன். தினமும் காலையில் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் நான் கையெழுத்திடுவேன். அந்தக் கையெழுத்து விழாமல் கேட்டைத் திறக்கக் கூடாது. அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஏகாம்பரத்தையும் பட்டறையிலிருந்து உடன் அழைத்துப் போனேன். பட்டறையின் சீட்டு முறையையும் அங்கே அப்படியே கொண்டுபோனேன்.

சோதனை எளியது. ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, மருந்துப் புட்டியிலிருந்து ஐந்து துளி விட வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். வெளிர் மஞ்சள் என்றால் போதுமான அளவு. ஆரஞ்சு என்றால் மிகை. நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்ல ஒன்றுமே இல்லை என்று பொருள். நிறம் பார்ப்பதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாங்கள் சந்தித்த கூட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நெசவாளர்கள் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். ஆகவே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைவிட அமாவாசையே பெரிய நாள். தெருவோடு தெருவாக வேன் பிடித்து வருவார்கள். எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு, துணி மூட்டை, கைக்குழந்தை, காது கேளாத மாமனார் எல்லாம் இறங்கும். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து அறுப்பு முடித்த குடும்பங்களும், பள்ளி ஆசிரியர்களும் வருவார்கள். ஆண்கள் நைலான் அரைக்கால் சட்டையை வாடகைக்கு வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு நடப்பார்கள். பெண்கள் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொள்வார்கள். புடவையோடு இறங்கக் கூடாது என்பது விதி. நைலான் உடை அணிய அவர்கள் சம்மதிக்கவில்லை.

வள்ளியம்மாள் என்றொருவர். மூன்று தறி உள்ள வீட்டின் தலைவி. ஒவ்வொரு அமாவாசைக்கும் தம் தெருவிலிருந்து பதினெட்டுப் பேரையாவது திரட்டி வருவார். ஒருநாள் கரையில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டார்: "இன்னா சார், வூட்டுலயும் தறிக்குழியில கால வுட்டுகினு கெடக்கறோம். இங்க வந்தும் குழியில காலதான் வுடணுமா? எப்பதான் முழுசா எறங்கறது?"

கேள்வி நியாயமானது. நான் அதை முதலாளியிடம் சொன்னேன். அங்கிருந்துதான் விபரீதம் தொடங்கியது.

3. அரக்கு கவுன்

பெண்களுக்கென்று காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை தனி நேரம் ஒதுக்குவதென்றும், கழுத்து முதல் கணுக்கால் வரை மறைக்கும் கவுன்களைப் பூங்காவே கொடுப்பதென்றும் முதலாளி முடிவு செய்தார். மிக நல்ல முடிவு. நாற்பது வெள்ளைப் பருத்தி கவுன்களைத் தைத்தார்கள். வெள்ளைத் துணி நனைந்தால் என்ன ஆகும் என்று யாரோ நினைவூட்டினார்கள். உடனே அவற்றைத் தம் பட்டறைக்கே அனுப்பி, ஒரு கல்யாண ஆர்டருக்குக் கலந்து தொட்டியில் மிச்சம் இருந்த அரக்குச் சாயத்தில் முக்கியெடுக்கச் சொல்லிவிட்டார். நான் அப்போது பூங்காவில் இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை.

பட்டுக்குப் போடும் சாயம் பருத்தியைப் பிடிக்காது. பார்வைக்கு ஏறியதுபோல் இருக்கும். தண்ணீர் பட்டால் இறங்கிவிடும். பட்டைத் தவிர வேறெதற்கும் சாயம் போட்டிராத பட்டறையில் இதை யாரும் யோசிக்கவில்லை. காய்ந்த கவுன்கள் பார்க்க மிகவும் கம்பீரமாக இருந்தன.

வைகாசி அமாவாசைக்கு முதல் நாள் பதினொரு மணிக்கு முப்பத்தேழு பெண்கள் அந்தக் கவுன்களை அணிந்து முதன்முறையாகப் பெரிய குளத்தில் முழுதாக இறங்கினார்கள். கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. பத்து நிமிடத்தில் சிரிப்பின் தன்மை மாறியது. நான் பம்ப் ரூமிலிருந்து வெளியே வந்தபோது குளத்தின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருந்தது.

"சார்! குளத்துல ரோஸ் மில்க்கு ஊத்திக் கீறீங்களா?" என்று ஒரு பெண் கத்தினார்.

"ஏய், என் காலப் பாருடி, நலங்கு வெச்ச மாரி கீது," என்றார் இன்னொருவர்.

"எனக்குக் கழுத்து வரிக்கும் கீதுடி. வூட்டுக்காரரு கேட்டா இன்னா சொல்றது?"

யாரும் கோபப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர்கள் சாயத்தோடு வாழ்பவர்கள். ஆனால் மறுநாள் அமாவாசை. நானூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். குளம் இளஞ்சிவப்பாகக் கிடந்தால் பட்டுச் சாயத்தில் இருபது ஆண்டு பழுத்த ஒருவன் பொறுப்பில் இருந்தும் சாயம் போன குளம் என்று ஊர் சிரிக்கும். என் புடவை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மேலே சொன்னேன். அந்தப் பெயர்தான் அன்று மாலை என் முன்னால் நின்றது. உண்மையைச் சொல்லவேண்டுமானால், தண்ணீரைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. கண்ணாடித் தண்ணீர்

முறையாகச் செய்ய வேண்டியது இது. வழக்கத்தைவிடப் பல மடங்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டு, பம்பை ஓட்டிக்கொண்டே இருந்தால் குளோரினே அந்தச் சாயத்தை மெல்ல வெளுத்துவிடும். ஆனால் ஒன்றரை நாளாவது ஆகும். என்னிடம் ஒன்றரை நாள் இல்லை.

சாயப் பட்டறையில் நிறம் தப்பிய நூலை வெளுக்க ஹைட்ரோஸ் என்ற வெள்ளைத் தூளைப் போடுவோம். சாயத்தை அது கண்முன்னே வெட்டிவிடும். குளத்தில் பதித்த ஓடுகளில் பட்ட கறையைத் தேய்க்க அதில் இரண்டு டின்னைப் பூங்காவிலும் நான் வைத்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு, கூட்டம் போன பிறகு, சீட்டை எடுத்து எழுதினேன்: 'பெரிய குளம். ஹைட்ரோஸ் 5 கிலோ. இரண்டு தவணை. பம்ப் ஓட்டவும்.' கீழே சுருக்கொப்பம் இட்டேன்.

ஏகாம்பரம் சீட்டை வாங்கிப் படித்தார். "சார், இத்தன பெரிய தொட்டிக்கு ஹைட்ரோஸ் போட்டதே இல்லியே. ஒரு பக்கெட்ல சாம்பிள் பாத்துடலாங்களா?" என்று கேட்டார்.

பட்டறையில் எந்த நிறத்தையும் முதலில் சிறு சட்டியில் கலந்து பார்த்த பிறகே தொட்டிக்குப் போவோம். இருபது ஆண்டுகளாக அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அன்று நான் சொன்னது இது: "வேணாம் ஏகாம்பரம். எனக்குக் கணக்குத் தெரியும். போடுங்க."

அவர் போட்டார். நானே கரையில் நின்று பார்த்தேன். இளஞ்சிவப்பு மங்கியது, வெளிறியது, மறைந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தேன். அப்படியொரு தண்ணீரை அந்தக் குளத்தில் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. எட்டடி ஆழத்தில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள கோடுகளை எண்ணலாம். முதலாளி கரையில் நின்று, "சார்னா சார்தான்! கண்ணாடி மாரி கீது சார். மெட்ராஸ்ல கூட இப்பிடி இல்ல," என்றார். நான் தலையை அசைத்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

வழக்கமான இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து விட்டோம். அது கலந்து சுற்றியதும் எட்டரை மணிக்குச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஐந்து துளி விட்டேன்.

நிறம் வரவில்லை.

மருந்து பழையதாகியிருக்கும் என்று எண்ணிப் புதிய புட்டியைப் பிரித்தேன். வரவில்லை. ஆழமற்ற பக்கத்திலிருந்து பிடித்தேன். வரவில்லை. என்ன நடந்தது என்பது எனக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஹைட்ரோஸ் சாயத்தை வெட்டுவது போலவே குளோரினையும் தின்றுவிடும். கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லித்தருவார்கள். சாயத்தை வெட்டிய பின் மிச்சமிருந்த ஹைட்ரோஸ், போட்ட இரண்டு கிலோவையும் விழுங்கிவிட்டது. இன்னும் எவ்வளவு விழுங்கும் என்று தெரியாது. கண்ணாடி போன்ற அந்தத் தண்ணீரில் கிருமிக்குக் காவலே இல்லை. பக்கத்து ஊர் ஒன்றில் அந்த வாரம்தான் வாந்தி பேதி வந்திருந்தது. அங்கிருந்தும் வேன் வரும். நானூறு பேர் இறங்குவார்கள். குழந்தைகள் அந்தத் தண்ணீரை வாயில் வாங்கித் துப்புவார்கள், சிலர் குடிப்பார்கள்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பு உண்டு. எனக்குத் தெரிந்த விஷயம் இது. தண்ணீரைக் கண்ணால் பார்த்துத் தெளிந்துவிட்டது என்று முடிவு கட்டும் சாயக்காரனின் பழக்கம், படித்ததை மறைத்துவிட்டது.

5. வாசலில்

எட்டே முக்காலுக்கு முதலாளி பதிவேட்டோடு பம்ப் ரூமுக்கு வந்தார். "கையெழுத்துப் போடுங்க சார், ஜல்தி. மூணு வேன் நிக்குது, நாலாவது வந்துகினு கீது."

"திறக்க முடியாது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"தண்ணீர்ல குளோரின் நிக்கல. ஹைட்ரோஸ் மிச்சம் இருக்கு."

"அத்த யாரு சார் பாக்கப் போறாங்க? தண்ணி எப்பிடி கீது பாருங்க. நேத்து ரோசா இருந்தப்ப எறங்கினாங்க, இன்னிக்கு பளபளன்னு கீது, எறங்கக் கூடாதா?"

"நேத்து அந்தத் தண்ணீர்ல குளோரின் இருந்தது. அசிங்கமா இருந்தது, ஆபத்தா இல்ல. இன்னிக்கு அழகா இருக்கு."

அவர் பதிவேட்டைத் திறந்து தாமே பேனாவை எடுத்தார். "நான் போடறேன் சார் கையெழுத்து. என் குளம்."

"தாராளமாகப் போடலாம். ஆனால் இந்தப் பதிவேட்டுல அதுக்கு மேல என் கையெழுத்து வராது. இன்னிக்கும் வராது, நாளைக்கும் வராது. யார் கேட்டாலும் ஏன் வரலேன்னு நானே சொல்லுவேன்."

பேனாவை மூடினார். அவர் நல்ல மனிதர், அவசரக்காரர். அந்நேரம் காலி ஹைட்ரோஸ் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் வாசற்படியில் வந்து நின்றார். முதலாளி டின்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கேட்டை நோக்கி நடந்தார்.

"சாம்பிள் பாத்துடலாங்களா சார்?" என்றார் ஏகாம்பரம். அவர் முகத்தில் கேலியோ குற்றச்சாட்டோ இல்லை. அடுத்த வேலை அதுதான் என்பதால் கேட்டார்.

இம்முறை பார்த்தோம். பத்து கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு லிட்டரில் கரைத்துத் தெளியவைத்தோம். பத்து லிட்டர் பக்கெட்டில் குளத்து நீர். ஊசிக் குழாயால் பத்து மில்லி விட்டால் அது இரண்டரை லட்சம் லிட்டர் குளத்துக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சமம். முதல் பத்து மில்லி: நிறமில்லை. இரண்டாவது: நிறமில்லை. மூன்றாவதற்கும் இல்லை. நான்காவதில் ஒரு மஞ்சள் வந்து என் கண் முன்னாலேயே மறைந்தது. ஐந்தாவதில் வந்தது, நின்றது. நிமிடக் கணக்காக நின்றது. பன்னிரண்டரைக் கிலோ வேண்டும்.

பக்கெட்டின் முன் குனிந்திருந்தபோதுதான் கேட்டருகே முதலாளியின் குரல் கேட்டது. ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "யாரும் கோச்சிக்காதீங்க! நம்ம ஆளு ஒருத்தன், ஏகாம்பரம், நேத்து தெரியாத்தனமா மருந்த மாத்திப் போட்டுட்டான். நல்ல காலம், நம்ம சாரு கண்டுபிடிச்சிட்டாரு. செத்த நேரம் பொறுத்துக்கோங்க, சரி பண்ணிகினு கீறாரு!"

நான் இருபது தப்படி தூரத்தில் இருந்தேன். ஏகாம்பரம் என் பக்கத்தில் இருந்தார். இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. அவருடைய கை ஒரு கணம் தம் சட்டைப் பைக்குப் போயிற்று. பிறகு ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கும் தொட்டிக்குப் போனார். நான் எழுந்து நாற்காலி வரைக்கும் நடந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது தப்படிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் முதல் ஆளாக நின்ற வள்ளியம்மாள் உரக்கக் கேட்டார்: "நேத்து ரோஸ் மில்க்குன்னாங்க. இன்னிக்கு இன்னா சார், மோரா? தறிய நிறுத்திட்டு வந்துகீறோம். அடுத்த அமாசைக்கு இதுங்களுக்கு இஸ்கூலு தெறந்துடும்." அவரைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள், இடுப்பில் துண்டோடு.

நான் பக்கெட்டை விட்டுவிட்டு வந்து பதில் சொன்னேன். "அம்மா, குளத்துக்கு மத்தியானம் ஆகும். ரெயின் டான்ஸுக்கு நேரா போர் தண்ணியத் திருப்பி விடறேன். அது குளத்துத் தண்ணி இல்ல, சுத்தமான ஊத்து. பிள்ளைங்க அதுவரைக்கும் அங்க ஆடட்டும்."

"மழையா? பாட்டும் உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி. வாங்கடி! வைகாசிலயே ஆடி மழ பேயுது!"

அந்தம்மாள்தான் முதலில் மேடையேறினார், புடவையோடு. அங்கே புடவைக்குத் தடை விதிக்க எங்களிடம் விதியில்லை. அரை மணியில் கேட்டருகே கூட்டம் இல்லை. காது கேளாத மாமனார்கூட ஊன்றுகோலோடு மழையில் நின்றார்.

பன்னிரண்டரைக் கிலோவையும் நான்கு தவணையாகக் கரைத்து விட்டோம். ஒவ்வொரு தவணைக்கும் பம்ப் சுற்றி வரும்வரை காத்திருந்து சோதித்தேன். பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு ஆழமான பக்கத்திலும் ஆழமற்ற பக்கத்திலும் வெளிர் மஞ்சள் வந்து நின்றது. பதிவேட்டில் கையெழுத்திட்டேன். குளம் திறந்தது. அந்த அமாவாசைக்குப் பின் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கோ கண் சிவப்போ வந்ததாக எங்களுக்குத் தகவல் வரவில்லை. அந்த வேலையை ஒழுங்காக முடித்தேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

6. சீட்டு

மாலை கூட்டம் கலைந்ததும் அலுவலக அறையில் முதலாளியிடம் நேரடியாகச் சொன்னேன்: "ஹைட்ரோஸ் போடச் சொன்னவன் நான். ஏகாம்பரம் பேரை நீங்க சொன்னது சரியில்ல."

அவர் வியப்படையவில்லை. "தெரியும் சார். உங்க சீட்டு இல்லாம அந்தாளு எச்சில்கூடத் துப்பமாட்டாரு. ஆனா நான் இன்னா பண்றது? சாரே தப்புப் பண்ணிட்டாருன்னு சொன்னா, நாளையிலிருந்து ஒருத்தன் எறங்குவானா? உங்க கையெழுத்துலதான் குளம் ஓடுது. வுடுங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

அது ஒரு வாதம்தான். எனக்கு வசதியான வாதம்.

பம்ப் ரூமில் ஏகாம்பரம் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து முதல் நாள் சீட்டை எடுத்து நீட்டினார். ஓரம் நனைந்திருந்தது, எழுத்து கலையவில்லை.

"நீங்களே வெச்சிக்கோங்க சார்."

"கேட்டுல ஏன் காட்டல?"

"காட்டி?" என்று சிரித்தார். "எனக்கு இன்னா சார் பேரு கீது, கெடறதுக்கு? பேரு இருக்கறவங்க பாத்துக்கணும்."

நான் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

முதலாளி சொன்னதுபோல் ஊர் மறக்கவில்லை. பட்டறைகளில் அவரை 'ஹைட்ரோஸ் ஏகாம்பரம்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் வேடிக்கையாகத்தான் கூப்பிட்டார்கள், அவரும் சிரித்தார். அடுத்த ஆண்டு அவர் வெம்பாக்கம் பக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த ஊரில் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் கலந்து விடும் வேலைக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். மாவட்டத்திலேயே அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. "ஆரணிக் குளத்துல மருந்த மாத்திப் போட்ட ஆளாச்சே" என்று யாரோ சொல்ல, கொடுக்கவில்லையாம். இதை அவருடைய மருமகன் எனக்குச் சொன்னபோது ஆறு மாதம் கடந்திருந்தது. அன்றே நான் ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, இனி எழுதி என்ன என்று விட்டுவிட்டேன்.

பூங்காவில் மேலும் ஒன்பது கோடைகள் பணிபுரிந்தேன். ஹைட்ரோஸ் டின் அந்த வளாகத்துக்குள் மறுபடி வரவில்லை. கவுன்களைப் பருத்திச் சாயத்தில் முறைப்படி மறுபடி தோய்த்தோம். வள்ளியம்மாள் முழுதாக இறங்கினார். எந்த மருந்தையும் பக்கெட்டில் சாம்பிள் பார்க்காமல் நான் குளத்தில் விட்டதில்லை. நீச்சல் குளப் பணிக்கு இப்போது வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான். தண்ணீரின் அழகை நம்ப வேண்டாம், துளியை நம்புங்கள். எவ்வளவு படித்திருந்தாலும் பக்கெட்டில் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் 'சாம்பிள் பார்க்கலாமா' என்று கேட்டால், பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அண்மையில் ஆரணியில் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேசிய மூவரும் அந்த அமாவாசையைச் சொன்னார்கள். விவரம் தெரியாத ஒரு தொழிலாளி நள்ளிரவில் எதையோ குளத்தில் கொட்டிவிட, நான் ஒரே துளியில் கண்டுபிடித்து நானூறு பேரைக் காப்பாற்றியதாகச் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

அவர்கள் சொன்னது தவறு. நள்ளிரவு அல்ல, மாலை ஆறு மணி. எதையோ அல்ல, ஹைட்ரோஸ் ஐந்து கிலோ, இரண்டு தவணை. ஏகாம்பரம் விவரம் தெரியாதவர் அல்ல; சாம்பிள் பார்க்கலாமா என்று கேட்டவர் அவர், வேண்டாம் என்றவன் நான். அவர் சீட்டின்படிதான் போட்டார். சீட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது.